மருந்தடித்ததால்தான் அப்பாவுக்குக் கை நடுங்குகிறதா?

கேள்வி: களக்காட்டுப் பக்கம் எங்களுக்கு வாழை விவசாயம். அப்பாவுக்கு 66 வயது. ஒரு வருடமாக வலது கை சும்மா இருக்கும்போது நடுங்குகிறது, நடையும் தளர்ந்துவிட்டது. பார்க்கின்சன் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முப்பது வருடம் பூச்சிமருந்து அடித்தவர். மூளைச் செல்லை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, எந்த மருந்து அதைக் கொல்கிறது என்று கண்டுபிடித்துவிட்டதாகப் படித்தேன். அப்பாவுக்கும் அதுதான் காரணமா? ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியுமா? இப்போது மருந்து அடிப்பது நான்தான்.

பதில்: ரத்தத்தில் தெரியாது. அந்தச் செலவு வேண்டாம். ரத்தப் பரிசோதனை காட்டுவது பெரும்பாலும் அண்மையில் உடம்பில் ஏறிய விஷத்தைத்தான். இருபது வருடத்துக்கு முன் வயலில் அடித்ததெல்லாம் இன்று அவர் ரத்தத்தில் எழுதியிருக்காது.

நீங்கள் படித்தது 2023-ல் வந்த அமெரிக்க ஆய்வாக இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் எந்த வயலில் என்ன மருந்து எவ்வளவு அடித்தார்கள் என்பதற்குப் பல பத்தாண்டுப் பதிவு இருக்கிறது. (நம் ஊரில் கடைக்காரரின் சிட்டைதான் பதிவு.) அதை வைத்து 288 மருந்துகளை அலசி, பார்க்கின்சனோடு தொடர்பு தெரிந்த 53-ஐப் பிரித்தார்கள். அப்புறம்தான் செல் வேலை. நோயாளி ஒருவரின் செல்லை, எந்தச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாகத் திருப்பி, அதிலிருந்து டோபமின் (உடம்பின் அசைவுக்கு மூளைக்கு வேண்டிய ரசாயனம்) சுரக்கும் நரம்புச் செல்லை வளர்த்தார்கள். பார்க்கின்சனில் அழிவது அந்தச் செல்தான். அதன்மேல் மருந்தை விட்டுப் பார்த்ததில், 10 மருந்துகள் அதை நேரடியாகவே கொன்றன. அதில் எண்டோசல்பான் இருக்கிறது; 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை விதிக்கும்வரை இங்கே தாராளமாகப் புழங்கியதுதான். பூஞ்சைக்கு அடிக்கும் போர்டோ கலவைக்குச் சுண்ணாம்போடு கரைக்கிறோமே, மயில்துத்தம், அதுவும் இருக்கிறது. பருத்திக்கு அடிக்கும் சில மருந்துகள் தனியாகச் செய்ததைவிடச் சேர்ந்தபோது கூடுதலாக நாசம் செய்தன. ஒரே டேங்கில் மூன்றைக் கலக்கும் நம் பழக்கம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆனால் தட்டில் இருக்கும் செல்லுக்கு ஈரல் கிடையாது, விஷத்தை முறிக்க. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பும் கிடையாது. சில நாள் பரிசோதனை அது, முப்பது வருட வயல் வாழ்க்கை அல்ல. எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று சலித்துக் கொடுக்கும் சல்லடை என்று அதைச் சொல்வேன். வயது, பரம்பரை, சூழல் மூன்றும் கலந்து வரும் நோய் இது. உங்கள் அப்பா ஒருவரைக் காட்டி, இவருக்கு இந்த மருந்தால்தான் வந்தது என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. காரணம் எதுவானாலும் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றுதான்.

மருந்துதான் காரணமா என்று கேட்டதால் ஒன்று சொல்கிறேன். வயல் மருந்துக்கு முன்னால் வீட்டில் இருக்கும் மாத்திரைப் பையைப் பாருங்கள். தலைசுற்றலுக்கு வருடக்கணக்கில் விழுங்கும் சின்னாரிசின் போன்ற மாத்திரைகள் அச்சு அசலாக இதே நடுக்கத்தையும் தளர்ச்சியையும் கொண்டுவரும். நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதத்தில் குறையும். பையை அப்படியே எடுத்துப்போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். யாராவது பூனைக்காலி விதைப் பொடி கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்; பார்க்கின்சன் மாத்திரையில் இருக்கும் லெவோடோபா என்ற மருந்து அதிலும் இருக்கிறது, மாத்திரையோடு சேர்ந்தால் அளவு எகிறிவிடும். பார்க்கின்சன் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுப்பது நல்லது. தீர்ந்துவிட்டது என்று திடீரென நிறுத்திவிடாதீர்கள்.

சரி, உங்கள் விஷயம். என்னிடம் வரும் பெரியவர் ஒருவரிடம், மருந்து தெளிக்கும் நாசில் அடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "என்ன செய்ய டாக்டரய்யா, கழட்டி வாயில வச்சு ஊதிருவேன்" என்றார், டீயை ஆற்றுவதைச் சொல்வதுபோல. டேங்க் ஒழுகி முதுகெல்லாம் நனைந்தால், வேலை முடிந்து வாய்க்காலில் குளிக்கும்வரை அதே சட்டைதானாம். அடிக்கும்போது மருந்து உடம்புக்குள் போவது பெரும்பாலும் தோல் வழியாகத்தான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வெறுங்கையால் கலக்கினால் என்ன பயன்?

ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, காற்றுக்கு முதுகு காட்டி நடப்பது. ஒழுகும் டேங்கின் வாசரை இன்றைக்கே மாற்றுங்கள். நனைந்த சட்டையை அங்கேயே கழற்றி, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக அலசச் சொல்லுங்கள். நாசில் அடைப்பை எடுக்கப் பழைய டூத் பிரஷ் ஒன்றை டேங்க் வாரிலேயே கட்டி வைத்துவிடுங்கள்.