பேஸ் கிட்டாருக்கு ஃபஸ் வாங்குவதா, ஓவர்டிரைவ் வாங்குவதா? பழைய பெடல் வாங்கினால் ஏமாந்துவிடுவோமா?

கேட்டவர் கோவை பீளமேட்டுப் பக்கம் ஏதோ இன்ஜினியரிங் காலேஜில் படிக்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். கூட ரெண்டு கிட்டார்க்காரப் பசங்க இருப்பார்கள். ரெண்டு பேர் காலடியிலும் வரிசையாகப் பெடல் (காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றுகிற சின்னப் பெட்டி) கிடக்கும். ரிகர்சலில் "மச்சி, உன் பேஸ் கேக்கவே இல்லடா" என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். நீங்களும் ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்துக் குழம்பி இங்கே வந்திருக்கிறீர்கள். இப்படி இல்லையென்றாலும் பாதகமில்லை, பதில் அதேதான். ஃபஸ், ஓவர்டிரைவ் ரெண்டுமே சத்தத்தைக் கரகரப்பாக்குகிற பெடல்தான், ஃபஸ்ஸில் கரகரப்பு ரொம்ப அதிகம். முதல் பெடல் ஓவர்டிரைவாக இருக்கட்டும். பழசாகவே வாங்குங்கள். எந்தக் கம்பெனி என்று பார்ப்பதற்கு முன்னால், பேஸின் அசல் சத்தத்தையும் கூடவே கலந்து விடுகிற நாப் (திருகுகிற குமிழ்) அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சிலதில் பிளெண்ட் என்று போட்டிருக்கும், சிலதில் பேலன்ஸ், சிலதில் டிரை.

இத்தோடு போயிருப்பேன். ஆனால் இதே கேள்விக்கு ஒரு அண்ணன் ஒற்றை வரியில் பதில் போட்டிருக்கிறார்: "பேஸுக்கு எதுக்குங்க பெடல், பின்னாடி நின்னு தும் தும்னு அடிக்கிறதுதானே." பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

அந்த அண்ணனுக்கு ஒரு சேதி. அமெரிக்காவில் நாஷ்வில் என்ற ஊரில் ஒரு பாட்டுப் பதிவு நடக்கிறது. 1961இல் வெளிவந்த பாட்டு. கிரேடி மார்ட்டின் என்பவர் ஆறு கம்பி பேஸ் வாசிக்கிறார். ஒலிப்பதிவு மேஜையில் (கன்சோல்) ஒரு சேனல் பழுது, அவர் வாசித்தது கரகரவென்று பதிவாகிவிட்டது. அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். அந்தச் சத்தம் எங்களுக்கும் வேண்டும் என்று ஆட்கள் வர ஆரம்பித்ததும், அங்கே ஒலிப்பதிவு இன்ஜினியராக இருந்த கிளென் ஸ்னாடி கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு டிரான்சிஸ்டரில் அதே சத்தத்துக்கு ஒரு சர்க்யூட் போட்டார். கிப்சன் கம்பெனி அதை வாங்கி 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று பெட்டியில் அடைத்து விற்றது. ஆகக் கடைக்கு வந்த ஃபஸ்ஸின் பூர்வீகமே பேஸ் கம்பிதான். (அதற்கு முன்பே ஸ்பீக்கர் பேப்பரைக் குத்திக் கிழித்து கிட்டார் வாசித்தவர்கள் உண்டு என்று வரிந்துகட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு: தெரியும்ங்க. ஆறு கம்பி பேஸும் நம்ம நாலு கம்பியும் ஒன்றல்ல, அதுவும் தெரியும்.)

என்னைப் பற்றிக் கொஞ்சம். கோவை கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை. மாசி பங்குனியில் நோம்பி (கோயில் திருவிழா) சாட்டிவிட்டால் ராத்திரியில் ஊர் ஊராக ஆர்க்கெஸ்ட்ராவோடு போய் பேஸ் வாசிப்பேன். பெரிய வித்வான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் பெடலைத் திறந்தால் உள்ளே எது என்ன வேலை செய்கிறது என்று தெரியும், மேடையில் அது என்ன ஆகிறது என்றும் தெரியும். ரெண்டும் தெரிந்த ஆள் நம்ம பக்கம் குறைவு.

ஓவர்டிரைவ், ஒலி அலையின் உச்சியை மழுக்கும். ஃபஸ் உச்சியையே வெட்டி எடுத்துவிடும், அலை கிட்டத்தட்டச் சதுரமாகிவிடும். அதனால்தான் ஃபஸ்ஸில் மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி இழுத்தாலும் சத்தம் ஒரே அளவில் வருகிறது. விரல் வேலை காட்டுகிறவருக்கு ஃபஸ் பிடிக்காமல் போக முதல் காரணம் இதுதான். இன்னொன்று, கிட்டார்க்காரன் சிபாரிசு செய்கிற பெடல். பச்சைக் கலர் ட்யூப் ஸ்க்ரீமரை எல்லாரும் சொல்வார்கள், நல்ல பெடல்தான். ஆனால் அதன் சர்க்யூட் ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸுக்கு (எண் குறையக் குறைய அடிச்சத்தம்) கீழே இருப்பதைச் சரியாகத் தூக்கிக் கொடுக்காது. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸின் தடித்த ஈ கம்பி 41. கிட்டாருக்கு அந்த அடியைக் குறைப்பதால் தெளிவு வருகிறது. நமக்கு அந்த அடிதானே பிழைப்பு? அசல் சத்தத்தைக் கலக்கிற நாப் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். மேலே கரகரப்பு ஓடட்டும், கீழே அசல் பேஸ் அப்படியே நிற்கட்டும். ஃபின்லாந்தில் டார்க்கிளாஸ்காரர்கள் செய்வதிலும் பிளெண்ட் உண்டு, டெக் 21காரர்களின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரிலும் உண்டு. பேஸுக்கென்றே யோசித்துச் செய்கிறவர்கள் பெரும்பாலும் அதை விடுவதில்லை.

இப்போது என் கதை. ஒரே சமயத்தில் என் கைக்கு ரெண்டு பெடல் வந்தது. ஒன்று எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பெனியின் பேஸ் பிக் மஃப், இது ஃபஸ். படிப்பை முடித்துவிட்டுப் பாலக்காட்டுக்கே திரும்பிப் போகிற பையன் ஒருவன் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் வைத்து விற்றுவிட்டுப் போனான். இன்னொன்று பாஸ் கம்பெனியின் ஓடிபி-3, அந்த மஞ்சள் கலர் ஓவர்டிரைவ் பெடல். சரவணம்பட்டி ஐடிக்காரர் ஒருவர் பிரித்த பெட்டியோடு விற்றார், கையில் தூசிகூட ஒட்டவில்லை. ரெண்டையும் சோமனூரில் எங்கள் டிரம்மரின் மாமா தறிக்குடோனுக்குக் கொண்டு போனேன். தறி ஓடாத நாளில் அங்கேதான் எங்களுக்கு ரிகர்சல்.

முதலில் தனியாக வாசித்துக் காட்டினேன். எல்லாருக்கும் பிக் மஃப்தான் பிடித்தது. "அண்ணா, ஷெட்டே அதிருதுங்ணா" என்றான் கீபோர்டு வாசிக்கிற பையன். பிறகு போனில் சத்தம் அளக்கிற ஆப்பைப் போட்டு, ரெண்டு பெடலின் லெவலையும் பெடல் போடாத பேஸின் அளவுக்கே சரிக்குச் சரியாகக் கொண்டு வந்தேன். டிரம்மரைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, எது எந்தப் பெடல் என்று சொல்லாமல் முழுக் குழுவோடு மாற்றி மாற்றி வாசித்தேன். இப்போது கதை மாறிவிட்டது. கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்ததும் மஃப் எங்கேயோ கரைந்து போனது. காரணம் மாயமில்லை, பிக் மஃப்பின் டோன் சர்க்யூட் 1000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு குழி விழுகிற மாதிரி அமைந்தது. நடுச்சத்தம் போனால் கூட்டத்தில் பேஸ் கேட்காது. ஓடிபி-3 தனியாக வாசித்தபோது அத்தனை அழகாக இல்லை. அதன் ஹை நாபைப் பாதிக்கு மேல் ஏற்றினால் ஈயப் பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி இருக்கும், இதை மறைத்துச் சொல்ல முடியாது. ஹையை இறக்கி, பேலன்ஸை நடுவில் வைத்தால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் இதைத்தான் கை காட்டினார்.

வீடியோவில் பெடலை ஒப்பிட்டுக் காட்டுகிறவர்களில் எத்தனை பேர் லெவலைச் சமப்படுத்துகிறார்கள்? சத்தம் கொஞ்சம் கூடினாலே காதுக்கு "அட, இது நல்லாருக்கே" என்று தோன்றும், அடிச்சத்தமும் அதிகமாகக் கேட்கும். விற்கிறவனுக்கு இது தெரியும். நீங்கள் ஒப்பிடும்போது லெவல் நாபை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

மஃப்பைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதில் டிரை என்ற பக்கம் சுவிட்சைத் தள்ளினால் அசல் சத்தமும் கூட வரும். கிட்டார் இல்லாமல் ஜமாப் (எங்கள் கொங்குப் பக்கத்து மேளம்) அடிக்கிற பாட்டுக்கு அப்படித் தள்ளி வாசித்தால் அதை அடிக்க வேறு பெடல் கிடையாது. 90களில் வந்த பச்சை ரஷ்ய மஃப்பை இன்னமும் பேஸ்காரர்கள் தேடித் தேடி வாங்குவது சும்மா இல்லை. ஆனால் ஒருத்தர் வாங்கும் முதல் பெடல் அதுவாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் என் கட்சி.

அந்த மஃப்பை விற்றதுதான் வேடிக்கை. விளம்பரம் போட்டால் வருகிற ஆட்களைத்தான் தெரியுமே. வணக்கம் கூடச் சொல்லாமல் "லாஸ்ட் எவ்ளோ" என்பான். நாம் ஒரு விலை சொன்னால் பாதிக்குக் கேட்டுவிட்டு, சரி என்றால் காணாமல் போவான். கடைசியில் பவானியிலிருந்து ஒரு பையன் ஒழுங்காகப் பேசினான். "அப்பா வியாழக்கிழமை மாட்டுச்சந்தைக்கு வருவாருங், ஈரோட்டுக்கு வர முடியுங்களா" என்றான். எனக்கும் அங்கே ஒரு மோட்டார் எடுக்கிற சோலி இருந்தது. கருங்கல்பாளையத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் பெடலை வைத்தேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏனுங் தம்பி, இது என்னத்துக்குங்?"

"சத்தத்தைக் கரகரன்னு ஆக்குமுங்க."

"நல்லா இருக்கிற சத்தத்தயா?"

"ஆமாங்க."

"அதுக்குக் காசு வேற குடுக்கோணுமா?"

பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ சொன்னேன். அவர் பெடலைக் கையில் எடுத்து எடை பார்த்தார், நாப்களை ஒவ்வொன்றாகத் திருகினார், கால் வைக்கிற சுவிட்சைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். "மாடுன்னா பல்லப் புடிச்சுப் பாத்துருவனுங். இதுக்குப் பல்லு எங்க இருக்குது?" என்றார். கடைப்பையில் ஸ்க்ரூடிரைவர் எப்போதும் இருக்கும். அடித்தகட்டைக் கழற்றி போர்டைக் காட்டினேன். சால்டர் புள்ளி எல்லாம் ஒரே மாதிரி பளபளவென்று இருந்தால் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம், நடுவில் ஒன்று மட்டும் மங்கலாகக் குமிழ் கட்டியிருந்தால் ரிப்பேர் ஆனது, பேட்டரி மாட்டுகிற இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பேட்டரி கசிந்தது என்று விவரம் சொன்னேன். மனுஷன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு புள்ளி புள்ளியாகப் பார்த்தார். பார்த்து முடித்துத் துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை கேட்டார். எனக்கு அந்தப் பாஷை பிடிபடவில்லை என்றதும் சிரித்துக்கொண்டே வாய்விட்டு 5,500 என்றார். 6,000 ரூபாய்க்கு முடிந்தது, உக்கடத்தில் நான் கொடுத்த அதே காசு. பழசு வாங்கச் சொல்வது இதற்குத்தான். புதுசைப் பெட்டி பிரித்த நிமிஷமே விலை இறங்கிவிடும், பழசில் நாம் வாசித்துப் பார்த்த காலத்துக்கு வாடகைகூட ஆகாது.

அந்த அப்பா செய்ததையே நீங்களும் செய்யுங்கள். உங்கள் கேபிளையும் உங்கள் பேஸையும் எடுத்துப் போங்கள். நாபைத் திருகும்போது கொரகொரவென்றால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். கால் சுவிட்ச் சில நேரம் பிடித்துச் சில நேரம் பிடிக்கவில்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், மாற்றிக்கொள்ளலாம். திறந்து காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இதை எல்லாம் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் நோம்பிக் கச்சேரிகளில் பேஸ் வாசிக்கிற ஆளே குறைந்துகொண்டு வருகிறான். கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸை அமுக்கிவிடுகிறார், கமிட்டிக்கு ஓர் ஆள் சம்பளமும் சாப்பாடும் மிச்சம். போன பங்குனியில் ஓர் ஊரில் மைக் செட்காரர் எனக்குச் சேனலே ஒதுக்கவில்லை. கேட்டால், "கீபோர்டுலயே பேஸ் வருதுல்லங்ணா" என்கிறார். கெஞ்சி ஒரு லைன் வாங்கினால், ஸ்டேஜுக்கும் சீரியல் செட்டுக்கும் ஒரே லைனில் கரண்ட் எடுத்திருக்கிறார்கள். லைட்டு ஓட ஓட என் பெடலில் கொர்ர்ரென்ற இரைச்சல். ஃபஸ்ஸோ ஓவர்டிரைவோ, இருக்கிற இரைச்சலையும் சேர்த்துத்தானே பெருக்கும்? மைக் செட்காரர் வந்து, வயர் லூஸ் என்று சொல்லி என் ஜாக்கையே பிடுங்கிவிட்டார். அந்தப் பாட்டு முடியும்வரை சும்மா கம்பியைத் தடவிக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் ஒறம்பரை (சொந்தபந்தம்) எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். மறுநாள் ஒரு பெரியம்மா, "ஏங் கண்ணு, நாலு கம்பிதான் வாங்குனியா, ஆறு கம்பியா வாங்கக் காசு பத்தலையா?" என்கிறார். கீபோர்டுக்காரர்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் விரலால் இழுத்து விடுகிற சுரம் வேறு, கட்டையை அமுக்கி வருகிற சுரம் வேறு. கேட்கிறவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே எல்லாரும் செய்கிறார்கள்.

சரி, அடாப்டர் விஷயம் விட்டுப்போயிற்று. பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட் டிசி, நடுமுள் நெகட்டிவ். வீட்டில் கிடக்கிற மோடம் அடாப்டர், ரேடியோ அடாப்டர் எல்லாம் பொதுவாக நடுமுள் பாசிட்டிவ், அதைக் குத்தாதீர்கள். குத்தினால் நிறையப் பெடல்களில் வாசலில் நிற்கிற ஒரு டையோடு தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். அப்படி "செத்துப்போன" பெடலை அடிமாட்டு விலைக்கு வாங்கி, சில ரூபாய் டையோடு ஒன்றை மாற்றி ஓடவிட்டதும் உண்டு. பழைய ஜெர்மேனியம் ஃபஸ் சிலதில் பாசிட்டிவ் பக்கம்தான் கிரவுண்ட். அதை மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் தொடுக்கவே கூடாது, தனி பேட்டரிதான். உங்கள் பேஸ் பேட்டரி போடுகிற ஆக்டிவ் பேஸாக இருந்தால் ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்கள் (பழைய பாணி ஃபஸ்) அதோடு சரியாக ஒத்துப்போகாது, வால்யூமைக் குறைத்தாலும் சத்தம் சுத்தமாகாது. ஆகவே பேஸ் எது என்று சொல்லாமல் கேட்டால் இதற்கு மேல் சொல்ல முடியாது. மாடலைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.