பம்பர்ல அடிச்ச பெயிண்ட் ஏன் உரியுது? வீட்லயே கார் பெயிண்ட் பண்றவங்களுக்கு சில பதில்கள்

கேள்வி: பிரைமர் போட்டுத்தான் பம்பருக்கு அடிச்சேன், ரெண்டே மாசத்துல தோல் மாதிரி உரியுது. எங்க தப்பு?

பதில்: நிறைய பம்பர் பாலிப்ரொப்பிலீன் கலந்த பிளாஸ்டிக்தாங்க, அதுல லேசுல எதுவும் ஒட்டாது, இரும்புக்குப் போடுற பிரைமர நேரா அடிச்சா சும்மா மேல படுத்திருக்கும், ஒரு கல்லு தெறிச்சா அங்கேர்ந்தே உரிய ஆரம்பிச்சிரும். முதல்ல சோப்புத் தண்ணி, அப்புறம் வேக்ஸ் எடுக்குற கிளீனர், அதுக்கப்புறம்தான் உப்புத்தாள். இந்த வரிசைய மட்டும் மாத்தாதீங்க, துடைக்காம தேய்ச்சா வேக்ஸும் சிலிக்கானும் கீறலுக்குள்ள போயி உக்காந்துக்கும். பிளாஸ்டிக் வெளிய தெரியிற இடத்துல அட்ஹீஷன் புரொமோட்டர் (பிளாஸ்டிக்ல பெயிண்ட் பிடிக்க வைக்கிற திரவம்) மெல்லிசா ஒரு கை, டப்பால போட்டிருக்க நேரத்துக்குள்ள பிரைமர். பழைய பெயிண்ட் நல்லா பிடிச்சிருக்க இடத்துல முழுசா சுரண்ட வேணாம், 600 நம்பர் தாள்ல பளபளப்பு போனா போதும். ஆனா உரிஞ்ச இடத்து மேலேயே இன்னொரு கோட் அடிச்சு மூடிடாதீங்க, அதுவும் சேர்ந்துதான் உரியும்.

கேள்வி: காரோட கலர் கோடு (கலர் நம்பர்) பாத்துதான் பெயிண்ட் வாங்கினேன், சில்வர் கார், கதவு மட்டும் தனியா தெரியுது.

பதில்: கோடு சரியா இருந்தாலும் இப்படி ஆகும். சில்வர் மாதிரி மெட்டாலிக் பெயிண்ட்ல இருக்க அலுமினியத் துகள் எப்படிப் படுக்குதோ அப்படித்தான் கலர் தெரியும், ஈரமா அடிச்சா கொஞ்சம் டார்க்கா, தூரத்துலேர்ந்து காய்ஞ்சாப்ல அடிச்சா வெளுப்பா இருக்கும், போதாததுக்கு உங்க பழைய பெயிண்ட் வெயில்ல மங்கியிருக்கும். அதனால முதல்ல ஒரு அட்டைல அடிச்சு, கிளியரும் (கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத கோட்) போட்டு, கார் பக்கத்துல வச்சு வெளிச்சத்துல பாருங்க. பேஸ் கோட்ட (கலர் இருக்க கோட்) பக்கத்து பேனல் மேல கொஞ்சம் கொஞ்சமா கரையவிட்டு, கிளியர மட்டும் ரெண்டு பேனலுக்கும் முழுசா அடிங்க. கடைசி மெட்டாலிக் கோட்ட தேய்ச்சுட்டு அப்படியே கிளியர் அடிச்சுடாதீங்க, திட்டுத் திட்டா தெரியும்.

கேள்வி: கிளியர் அடிக்கும்போதே குட்டிக் குட்டி குழி விழுது.

பதில்: சிலிக்கான் இல்லன்னா எண்ணெய் பிசுக்கு. மேல மேல அடிக்காம நிறுத்துங்க, நல்லா காய்ஞ்சதும் தேய்ச்சு, கிளீனர் போட்டு துடைச்சுட்டு மறுபடி ஆரம்பிங்க. டேஷ்போர்டு பாலிஷ் ஸ்பிரேய அந்தப் பக்கமே கொண்டு வராதீங்க.

கேள்வி: துணி மாஸ்க் கட்டிட்டு 2கே கிளியர் (ஹார்டனர்னு இறுக வைக்கிற திரவம் கலந்து அடிக்கிறது) அடிக்கலாமா?

பதில்: வேணாங்க, தயவுசெஞ்சு வேணாம். அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட்ங்கிற ரசாயனம் இருக்கு, ஆஸ்துமா வரவைக்கும், ஒருதடவ உடம்புக்கு ஒத்துக்காமப் போயிட்டா அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலே மூச்சு இழுக்கும். வாசனை வரலன்னா பயமில்லன்னும் நினைக்காதீங்க, மூக்குக்குத் தெரியாத அளவே கெடுதல்தான். இத அடிக்கிறவங்க வெளிக்காத்து குழாய்ல வர்ற மாஸ்க்தான் போடுறாங்க. என்னைக் கேட்டா, பம்பர கழட்டி பட்டி, தேய்ப்பு, பிரைமர் வரைக்கும் வீட்ல முடிங்க, உழைப்புல பெரும்பகுதி அதுதான், பேஸும் கிளியரும் பெயிண்ட் பூத்ல அடிக்கக் குடுத்துருங்க.

கேள்வி: கிளியர் ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கு, திரும்ப அடிக்கணுமா?

பதில்: தேவையில்ல. முழுசா இறுகினதும் 1500, அப்புறம் 2000 தாள்ல தண்ணி விட்டுத் தேய்ச்சு காம்பவுண்டு (மெருகேத்துற பேஸ்ட்) போடுங்க. ஓரத்துலயும் மடிப்புலயும் மட்டும் கை லேசா இருக்கட்டும், அங்கதான் கிளியர் சீக்கிரம் தேஞ்சு போகும்.