காற்று அறுத்த பலகைகள்

அன்புள்ள ஐயா,

எங்கள் தாத்தா கையால் மரம் அறுத்துப் பிழைத்தவர். அப்பா காலத்தில் கரண்டில் ஓடும் வாள்பட்டறை வந்துவிட்டது, அவர் அங்கே கூலிக்குப் போனார். போன வாரம் ஒரு காணொளி பார்த்தேன். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஹாலந்தில் ஒரு விவசாயி காற்றாலையை வைத்து மரம் அறுத்தாராம். கிராங்க்கைக் கண்டுபிடித்ததே அவர்தானாம். அதனால்தான் டச்சுக்காரர்கள் கடலை ஆண்டார்களாம். ஒரு காற்றாலையால் இவ்வளவு நடக்குமா? கையால் அறுத்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?

அன்புடன்,
எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

காணொளி சொன்னதில் ஒன்று தவறு, ஒன்று பாதி உண்மை.

சுற்றுவதைப் போய்வரும் அசைவாக மாற்றும் வளைந்த அச்சுதான் கிராங்க். அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. இன்றைய துருக்கியில் இருக்கும் ஹியராபோலிஸில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக் கல்லறைப் பெட்டி ஒன்றில், நீர்ச்சக்கரத்தால் ஓடும் கல் அறுக்கும் வாள் செதுக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் சுற்றுவதை வாளின் அசைவாக மாற்றுவது அங்கேயும் கிராங்க்தான். ஆற்றுநீரில் ஓடும் மர அறுவை ஆலைகளும் ஐரோப்பாவில் முன்பே இருந்தன. ஆனால் ஹாலந்து சமதரை. சக்கரத்தைச் சுழற்றும்படி பாய்ந்து இறங்கும் ஆறு அங்கே கிடையாது. காற்று மட்டும் தாராளமாக உண்டு.

அந்த விவசாயியின் பெயர் கொர்னேலிஸ் கொர்னேலிஸ்ஸோன், ஊர் ஆய்ட்கேஸ்ட். 1593 டிசம்பரில் அவருடைய காற்று அறுவை ஆலைக்குக் காப்புரிமை கிடைத்தது. அதுவரை அங்கே காற்றாலைகள் தானியம் அரைத்தன, வயலிலிருந்து தண்ணீர் இறைத்தன. இரண்டுக்கும் சுற்றினால் போதும். மரம் அறுக்க வாள் மேலும் கீழும் போய்வர வேண்டும். வீட்டில் தையல் மெஷின் இருந்தால் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி ஊசியைப் பாருங்கள். சக்கரம் வட்டமாகப் போகிறது, ஊசி ஏறி இறங்குகிறது. அவர் காற்றாலைக்குள் செய்ததும் அதுதான். ஊசி இருக்கும் இடத்தில் ஆளுயர மரச்சட்டம், அதில் வரிசையாகப் பல வாள்கள். ஒரு கட்டை உள்ளே போனால் ஒரே ஓட்டத்தில் ஒரே கனத்தில் பல பலகைகளாக வெளியே வரும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது கட்டையை முன்னே இழுக்கும் ஏற்பாடு. கட்டையை ஒரு சறுக்குச் சட்டத்தில் கட்டிவைப்பார்கள். வாள் ஒருமுறை ஏறி இறங்கினால், பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தை ஒரு கொக்கி ஒரு பல் தள்ளும். அந்த ஒரு பல் அளவுக்குக் கட்டை முன்னே நகரும். காற்று பலமானால் வாளும் வேகமெடுக்கும், கட்டையும் அதே கணக்கில் வேகமாக வரும். காற்று ஓய்ந்தால் இரண்டும் சேர்ந்தே தணியும். யாரும் பக்கத்தில் நின்று கணக்குப் பார்த்துத் தள்ள வேண்டாம். இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீருவதில்லை.

கையால் 60 கட்டைகளை அறுக்க 120 நாள் பிடிக்கும் என்றால், ஆலைக்கு 4 அல்லது 5 நாள் போதும் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

சரி, இதனால்தான் கடலை ஆண்டார்களா? பாதி உண்மை என்று சொன்னது இங்கேதான். நார்வேயிலிருந்தும் பால்டிக் கரையிலிருந்தும் ரைன் ஆற்று வழியாகவும் மரம் வந்து குவிந்தது. வியாபாரிகள் கையில் பணம் இருந்தது. அதே 1590களில் ஹோர்ன் நகரத்தில், குறைந்த ஆட்களைக் கொண்டு நிறைய சரக்கு ஏற்றும் ஃப்ளைட் என்ற கப்பலும் உருவானது. இவ்வளவும் கூடிவந்த நேரத்தில் பலகை மலிவானது, அதனால் கப்பலும் மலிவானது.

ஆனால் நான் முக்கியமாக நினைப்பது அந்த ஆலை எங்கே நிற்க முடிந்தது என்பதை. முதல் ஆலை ஒரு மிதவையின் மேல் கட்டப்பட்டது. 1596இல் அதைத் தண்ணீரிலேயே ஸான் ஆற்றங்கரையில் இருக்கும் ஸான்டாமுக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்திலேயே பெரிய நகரமான ஆம்ஸ்டர்டாம் இருந்தது. ஆனால் அங்கே மரம் அறுப்பவர்களின் சங்கம் பலமானது, அது காற்று ஆலையை உள்ளே விடவில்லை. ஸான் ஆற்றங்கரையில் அப்படிக் கட்டுப்பாடு இல்லை. 1630இல் அந்தக் கரையில் 53 அறுவை ஆலைகள் இருந்தன, 1731இல் 256. பக்கத்திலேயே கப்பல் பட்டறைகள் பெருகின. ரஷ்யப் பேரரசர் பீட்டர் கப்பல் கட்டக் கற்றுக்கொள்ள 1697இல் முதலில் வந்து இறங்கியது ஸான்டாமில்தான். 1630 வாக்கில் ஆம்ஸ்டர்டாமும் இறங்கிவந்தது. அப்போது அங்கே கட்டிய ஆலைகளில் ஒன்றான ‘டி ஒட்டர்’ இன்னும் நிற்கிறது.

கையால் அறுத்தவர்கள் பற்றிக் கேட்டீர்கள். சங்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். குழியின் மேல் கட்டை, கட்டையின் மேல் ஒருவர், குழிக்குள் ஒருவர். மேலே நிற்பவர் கோடு பிசகாமல் பார்க்க வேண்டும். கீழே நிற்பவரின் கண், மூக்கு, கழுத்தெல்லாம் மரத்தூள். அந்த இரண்டு பேரின் சோற்றை எடுத்துக்கொள்ளும் இயந்திரத்தை அவர்கள் எப்படி வரவேற்பார்கள்? லண்டனில் லைம்ஹவுஸ் பகுதியில் கட்டிய காற்று அறுவை ஆலையை 1768இல் மரம் அறுப்பவர்கள் திரண்டுபோய் உடைத்தார்கள். அடுத்த வருஷமே ஆலையை உடைப்பது பெருங்குற்றம் என்று பாராளுமன்றம் சட்டம் போட்டது. கோபத்துக்குப் பதிலாக வந்தது தண்டனைதான், வேறு வேலை இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

ஒன்று மட்டும் அவர்கள் கையில் மிஞ்சியது. சட்டத்தில் பூட்டிய வாள் நேராகத்தான் அறுக்கும். கப்பலின் விலா எலும்பு போன்ற வளைந்த மரங்களுக்கு மனிதக் கையும் கண்ணும் தேவைப்பட்டன.

ஸான் கரையில் ‘யோங்க ஸ்காப்’ என்று ஓர் ஆலை இருந்தது, 1680இல் கட்டியது. 1942இல் அதை இடித்தார்கள். இடிப்பதற்கு முன்னால் ஒருவர் ஒவ்வொரு உறுப்பாக அளந்து வரைந்து வைத்தார். அந்த வரைபடங்களை வைத்துத் திரும்பக் கட்டி 2007இல் திறந்தார்கள். இப்போதும் அங்கே காற்றில் மரம் அறுக்கிறார்கள்.

உங்கள் தாத்தா மேலே நின்றவரா, கீழே நின்றவரா? கோடு எப்படிப் போட்டார்கள், வாளை எப்படிக் கூர் தீட்டினார்கள், ஒரு கட்டைக்கு எத்தனை நாள் ஆனது? அப்பாவுக்கு நினைவிருக்கும். கேட்டு எழுதுங்கள். இங்கே அப்படியே வெளியிடுகிறேன்.

அன்புடன்