தாத்தாவின் பேனாக்கத்தி: பிடி தந்தமா, எலும்பா?

கேள்வி: தாத்தா பர்மாவிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த இரண்டு அலகு மடக்குக் கத்தி ஒன்று, பழைய பெட்டியில் கிடைத்தது. பிடி வெளிர் மஞ்சள். தந்தம் என்கிறார் சித்தப்பா. ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அலகின் அடியில் ‘ஷெஃபீல்டு, இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. எந்தக் காலத்தது? புளி போட்டுத் துலக்கலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் அந்த ஊசியைக் கீழே வையுங்கள். தந்தத்துக்குப் பதிலாகச் செல்லுலாயிடு என்ற பழைய பிளாஸ்டிக்கில் ஏராளமான பிடிகள் செய்திருக்கிறார்கள். கற்பூரம் சேர்த்துச் செய்யப்படும் அந்தப் பொருளில் சூடு பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். உண்மையான தந்தமாக இருந்தால் பற்றாது. கருகிய புள்ளி மட்டும் காலத்துக்கும் நிற்கும். இரண்டில் எதுவானாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கட்டைவிரலால் பிடியைச் சூடேறும் வரை அழுத்தித் தேய்த்து, முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாயிடு. வராவிட்டாலும் செல்லுலாயிடு அல்ல என்று முடிவுகட்ட வேண்டாம். நாள்பட்டதில் வாசனை மங்கியிருக்கும். உருப்பெருக்கியோடு வாசல் வெளிச்சத்துக்கு வாருங்கள். அளவுகோல் வைத்துப் போட்டதுபோல இணைகோடுகள் ஓடினால், தந்தத்தின் ரேகையைப் போலி செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

எலும்பு தன்னை மறைக்காது. ரத்த நாளங்கள் ஓடிய நுண்துளைகள் பிடியின் முகப்பில் சின்னச் சின்னக் கறுப்புக் கீற்றுகளாகவும், முனையில் ஊசிக்குத்துப் புள்ளிகளாகவும் தெரியும். வெற்றிலைக் காம்பு நறுக்கிய கத்தி என்றால் கைஅழுக்கும் சாறும் அவற்றில் இறங்கி இன்னும் துலக்கமாகவே காட்டும். தந்தத்தில் இந்தத் துளைகள் கிடையாது. வளைந்த ரேகைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலைபோலப் பின்னியிருக்கும். அதைப் பலரும் பிடியின் முகப்பில் தேடி ஏமாறுகிறார்கள். பிடியின் இருபுறமும் பதித்திருக்கும் தந்தப் பில்லை நீளவாக்கில் அறுபட்டது. வலை தெரிவது குறுக்குவெட்டில். ஆகவே பில்லை முடியும் மெல்லிய ஓரத்தைப் பாருங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். புகழ்பெற்ற பெயர்களைப் போலியாகப் பொறிப்பது அன்றும் உண்டு. ஆனாலும் சில தடயங்கள் உதவும். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. ‘இங்கிலாந்து’ என்ற சொல், கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரின் கத்திகளில் பரவியது பெரும்பாலும் அதன் பிறகுதான். கிரீடத்தோடு ‘வி.ஆர்.’ என்றிருந்தால் விக்டோரியா காலம், 1837 முதல் 1901 வரை. ‘ஸ்டெயின்லெஸ்’ என்றிருந்தால் ஹாரி பிரியர்லி 1913இல் ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியதற்குப் பிற்பட்டது.

கட்டுமானம் இதைவிட நம்பகமான சாட்சி. கத்தியைப் பாதி திறந்து, முதுகுப் பக்கம் வெளிச்சம் தெரியும்படி பிடியுங்கள். நல்ல வேலைப்பாடானால், அலகைப் பிடித்து நிறுத்தும் எஃகு வில்லுக்கும், பில்லைக்கு அடியில் உள்ள உலோகத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகக் கூடாது. அடுத்து, பிடியின் தலைப்பில், அலகு சுழலும் இடத்தை மூடியிருக்கும் உலோகக் குப்பியைக் கவனியுங்கள். இரும்புத் தகடும் குப்பியும் ஒரே துண்டாக அடிக்கப்பட்டிருந்தால் பழைய பாணி. பித்தளைத் தகட்டின் மேல் ஜெர்மன் சில்வர் குப்பி பற்றவைக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் பிந்தையது. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் இரும்பு உடனே தெரிந்துவிடும். அலகு சுழலும் ஆணியின் தலை, நல்ல வேலைப்பாட்டில், குப்பியோடு கரைந்து கண்ணுக்கே படாது. அங்கே வேறு நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தாலோ திருகாணி இருந்தாலோ, யாரோ பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள்.

புளி வேண்டவே வேண்டாம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கைத் துலக்கும் புளிதான் கார்பன் எஃகை அரிக்கும், எலும்பையும் கெடுக்கும். அலகில் படிந்த சாம்பல் கறுப்பு அழுக்கல்ல. அதை அப்படியே விடுங்கள். செந்துருவை மட்டும் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோலுறையில் வைக்கவே கூடாது.

பிடியை ஒட்டிய இடத்தில் மட்டும் அலகு துருவேறி, தகட்டில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் செல்லுலாயிடு சிதைந்துகொண்டிருக்கிறது. அதன் ஆவி மற்ற கத்திகளையும் தின்னும். தனியாக, காற்றோட்டமாக வையுங்கள்.

தந்தமே என்று உறுதியானால் விற்க முயலாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வியாபாரத்தைத் தடை செய்கின்றன. வைத்திருப்பதற்கே உரிமைச் சான்று வேண்டும்; மாவட்ட வன அலுவலகத்தில் விசாரியுங்கள். ‘பழைய சாமான்தானே’ என்று சொல்லி விலை பேச வருபவரிடம் இதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.