"சின்ன நாய்தானே" என்கிறார் கணவர்!

கேள்வி: பெரம்பூரில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பையனுக்கு 9 வயது. மாமியாருக்கு 70, பகலில் வீட்டில் அவர் மட்டும்தான். கணவரின் நண்பர் குடும்பத்தோடு கனடா போகிறார். அவர்கள் வளர்க்கும் 4 வயது ஆண் பொமரேனியனை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்கிறார். பையன் குதிக்கிறான். "சின்ன நாய்தானே, அது பாட்டுக்கு மூலையில் கிடக்கும்" என்கிறார் கணவர். எனக்கு நாய் வளர்த்துப் பழக்கமே இல்லை. எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?
- வாசகி, சென்னை-11

பதில்: கடிதத்தை இரண்டு முறை படித்தேன், சகோதரி. கணவர் சொன்னது இருக்கிறது, பையன் குதிப்பது இருக்கிறது, உங்கள் தயக்கமும் இருக்கிறது. மாமியார் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. தினமும் எட்டு, ஒன்பது மணி நேரம் அந்த நாயோடு இருக்கப்போவது அவர்தானே! முதலில் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "உங்க இஷ்டம்மா" என்று சொன்னால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் 'வேண்டாம்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

அடுத்து, நண்பரிடம் நாயின் எடையைக் கேளுங்கள். அசல் பொமரேனியன் மூன்று, மூன்றரை கிலோவைத் தாண்டாது. ஆறு கிலோ, பத்து கிலோ என்றால் அது இந்தியன் ஸ்பிட்ஸ். நம் ஊரில் 'பொமரேனியன்' என்று கூப்பிடப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இதுதான். ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழியில் வந்து, நம் வெயிலுக்குப் பல தலைமுறையாகப் பழகிய நாய் அது. என்னைக் கேட்டால், சென்னைக்கு அதுதான் பொருத்தம்.

எடை எதுவானாலும் குணம் ஏறத்தாழ ஒன்றுதான். இவற்றின் முன்னோர்கள் பண்ணை வீடுகளில் காவல் இருந்தவர்கள். யாராவது வந்தால் ஊரைக் கூட்டுவது பிறவித் தொழில். காலிங் பெல், கூரியர் பையன், மேல் வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம், எல்லாவற்றுக்கும் குரைக்கும். எங்கள் வீட்டு ஜிம்மி குக்கரின் மூன்றாவது விசிலுக்குக் குரைப்பான். முதல் இரண்டை மன்னித்துவிடுவான்.

குரைக்கும்போது "ஏய், சும்மா இரு!" என்று கத்தினால் நீங்களும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அது நினைக்கும். அதற்கென்று ஒரு பாயைப் போடுங்கள். பையன் வெளியே போய் பெல் அடிக்கட்டும். நீங்கள் நாயைப் பாய்க்குக் கூப்பிட்டு, உட்கார்ந்ததும் ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். தினமும் பத்து முறை, சில வாரங்கள். சத்தம் குறையும், முழுதாக நிற்காது.

அக்கம்பக்கத்தில் சண்டை வருமோ என்று யோசிப்பீர்கள். குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிகளைத் தடைசெய்ய முடியாது, குரைப்பதைக் காரணம் காட்டியும் வெளியேற்றச் சொல்ல முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த வழிகாட்டுதலைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போவதற்கு முன்னால், எதிர் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் போய் "இப்படி ஒரு நாய் வருது, கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள்.

'மூலையில் கிடக்கும்' என்ற பேச்சுக்கு வருகிறேன். கிடக்காது. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நடை வேண்டும். அதற்கு மேல் பந்து, கயிறு, ஓட்டம். நடக்காத நாள்களில் அந்தத் துடிப்பெல்லாம் செருப்பிலும் சோபாவிலும் இறங்கும். கோடையில் காலை ஏழு மணிக்குள் கீழே போய் வந்துவிட வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை ஐந்தாறு நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் பொசுங்கும். யார் கூட்டிப்போவது என்று கணவரிடம் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மாமியார் கையில் செயினைக் கொடுத்து மாடிப்படி இறக்காதீர்கள்.

வீட்டுக்குள்ளும் அவருக்கு ஒரு ஆபத்து உண்டு. இந்த நாய்கள் பிடித்தவர்களின் காலடியிலேயே சுற்றும். 70 வயதில் தடுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கழுத்தில் சின்ன மணி கட்டுங்கள், சமையலறை வாசலுக்குத் தடுப்பு வையுங்கள். வெளியே போகும்போது மட்டும் கழுத்துப் பட்டையில் செயினை மாட்டாதீர்கள். மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ்தான் நல்லது. சின்ன இனங்களுக்கு மூச்சுக்குழாய் பலவீனம். இழுத்து இழுத்து, வாத்து கத்துவது போன்ற இருமல் வந்துவிடும்.

முடியைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கறுப்புப் பேன்ட், தலையணை, சில நாள் இட்லி மாவு வரை வரும். வாரம் மூன்று முறை சீவினால் பாதி சீப்போடு போகும். வெயில் காலத்தில் பாவப்பட்டு மொட்டை அடித்துவிடாதீர்கள். அந்த இரட்டை அடுக்கு முடிதான் வெயிலைத் தோலில் படாமல் தடுக்கிறது. மழித்தால் சில நாய்களுக்குப் பழையபடி வளர்வதும் இல்லை.

சாப்பாட்டில் மாமியாருக்கும் பையனுக்கும் கண்டிப்பு தேவை. சாம்பார் சாதம் கூடாது, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். பாயசத்து திராட்சையும் சாக்லேட்டும் அப்படித்தான். பாசத்தில் போடும் பிஸ்கட் இந்த உடம்புக்கு மிக அதிகம். எடை கூடினால் முழங்கால் சில்லு நழுவும் தொல்லை மோசமாகும். பெரிய நாய்க்கு இருக்கும் அதே 42 பற்கள் இந்தக் குட்டி வாயிலும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, சீக்கிரம் கெடும். நாய்களுக்கான பேஸ்ட்டால் தேய்த்துவிடுங்கள். நம் பேஸ்ட் ஆகாது.

பையனுக்கு ஒன்றே ஒன்று: சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது, உறுமினால் விலகிவிட வேண்டும். உறுமினதற்காக நாயை அடிக்காதீர்கள், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். பல் பட்டால் ஊசி போட்ட நாய் என்று அலட்சியம் வேண்டாம். குழாயடியில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

4 வயது என்பது உங்களுக்குச் சாதகம். குட்டி என்றால் வீடு முழுக்க ஈரம், கடி, இரவெல்லாம் அழுகை. இதற்குப் பழக்கமும் குணமும் தெரிந்துவிட்டன. ஆனால் இன்னும் பத்து வருடம் இருக்கும் நாய். அப்போது உங்கள் பையன் ஹாஸ்டலில் இருப்பான், மாமியாருக்கு 80. அதைச் சீவுவதும் டாக்டரிடம் தூக்கிப்போவதும் உங்கள் வேலையாகத்தான் இருக்கும்.

மாமியார் மனதாரச் சரி என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நண்பரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். விமானம் ஏறும் வாரத்தில் சொன்னால் அவரால் வேறு வீடு தேட முடியாது.

எடுப்பதானால், அவர்கள் கிளம்புவதற்குள் இரண்டு சனி, ஞாயிறு உங்கள் வீட்டில் தங்கவையுங்கள். தீபாவளியை ஒட்டி மட்டும் வேண்டாம். அது படுக்கும் விரிப்பைத் துவைக்காமல் கேட்டு வாங்குங்கள். முதல் மூன்று நாள் சாப்பிடாமல் கட்டிலுக்கடியில் கிடக்கலாம். மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பிடிபடும். முழுசாக உங்கள் நாயாக மூன்று மாதம் ஆகும். அதுவரை வாசல் கதவில் கவனம், பழைய வீட்டைத் தேடி ஓடப் பார்க்கும். தடுப்பூசி அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள், மாநகராட்சி உரிமத்தை உங்கள் பெயரில் எடுங்கள், கருத்தடை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு முறை முழுசாகக் காட்டுங்கள்.

எந்த வார்த்தைக்கு என்ன செய்யும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'சிட்' என்று பழகிய நாயிடம் உங்கள் மாமியார் 'உட்காருடா' என்றால், அது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்.