சிறிய வீட்டில் குழந்தைக்குத் தனிப் படுக்கை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம். சென்னையில் ஒற்றைப் படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் நானும் கணவரும் இருக்கிறோம். படுக்கையறை 10 அடிக்கு 9 அடி. அதில் ஐந்தடி அகலக் கட்டில் ஒன்றும் பீரோ ஒன்றும் இருக்கின்றன. வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்காகத் திருநெல்வேலியிலுள்ள அம்மா வீட்டுக்குச் சென்று, குழந்தைக்கு ஐந்தாம் மாதத்தில் திரும்பி வருவதாக ஏற்பாடு. மேலே பாசினெட் (சிறு தொட்டில்) பொருத்திய பிளேயார்டு (மடக்குத் தொட்டில்) வாங்குவதா, அல்லது பாசினெட்டை மட்டும் தனியாக வாங்குவதா? இரண்டையும் வைக்க எங்களிடம் இடமில்லை.
— வாசகி, சென்னை

பதில்: உங்கள் கடிதத்தில் அறையின் அளவைக் காட்டிலும் என் கவனத்தை ஈர்த்தது அந்த ஐந்தாம் மாதக் கணக்குதான். பாசினெட் பிறந்த குழந்தைக்கானது. அது பயன்படும் காலம் மிகவும் குறைவு. பிளேயார்டின் மேல்விளிம்பில் மாட்டப்படும் பாசினெட்டுகளில் பல, 15 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 6.8 கிலோ எடைக்கு மேல் பயன்படுத்தக் கூடாதவை. அந்த எடையை எட்டும் முன்பே குழந்தை கைகளை ஊன்றி எழ முயலத் தொடங்கினால், அன்றோடு அதை நிறுத்திவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, ஆண் குழந்தையின் இடைநிலை எடை நான்கு மாதம் நிறையும்போது 7 கிலோ. பெண் குழந்தைக்கு ஐந்து மாதம் நிறையும்போது 6.9 கிலோ. ஆகவே சென்னை வீட்டுக்கென்று வாங்கி வைக்கும் பாசினெட், நீங்கள் ஊரிலிருந்து திரும்பிய சில நாட்களிலேயே பரணுக்குப் போய்விடும்.

பாசினெட்டின் உண்மையான உதவி பிரசவத்தை அடுத்த வாரங்களில்தான் கிடைக்கிறது. பிளேயார்டின் அடித்தளம் தரையிலிருந்து சில அங்குல உயரத்திலேயே இருப்பதால், குழந்தையைப் படுக்க வைக்கவும் எடுக்கவும் ஒவ்வொரு முறையும் இடுப்பை வளைத்து ஆழமாகக் குனிய வேண்டும். அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய்க்கு, இரவில் நான்கைந்து முறை அப்படிக் குனிவது பெரும் வேதனை. பாசினெட்டோ குழந்தையை இடுப்பளவு உயரத்தில் வைத்திருக்கும். அந்த வாரங்களை நீங்கள் திருநெல்வேலியில்தான் கழிக்கப்போகிறீர்கள் என்பதால், இரண்டும் சேர்ந்த ஒன்றை இப்போதே வாங்கி, உங்களுக்கு முன்பாகவே அதை அங்கே அனுப்பிவிட்டு, ஐந்தாம் மாதம் பாசினெட் பகுதியைக் கழற்றிவிட்டு வெறும் பிளேயார்டாகச் சென்னைக்குக் கொண்டு வருவதையே நான் பரிந்துரைப்பேன். மடித்து அதன் பைக்குள் வைத்துவிட்டால் காரின் பின்பகுதியிலோ ரயில் இருக்கையின் அடியிலோ பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் இணைப்புகளுடன் சேர்த்து எடை 10 கிலோவை ஒட்டி வரும் என்பதால் அதை வேறு யாராவதுதான் தூக்க வேண்டும், நீங்கள் தூக்கக் கூடாது. ஊருக்கு அனுப்ப வசதிப்படாது என்றால், பாசினெட் இல்லாத பிளேயார்டை ஐந்தாம் மாதத்தில் வாங்கிக்கொண்டால் போதும்.

இனி இடம். பரவலாக விற்கும் பிளேயார்டு ஏறத்தாழ 40 அங்குல நீளமும் 28 அங்குல அகலமும் உள்ளது. உங்கள் கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளினால் மறுபுறம் 4 அடி, அதாவது 48 அங்குலம் மிஞ்சும்; அதில் பிளேயார்டு போக 20 அங்குலம்தான் நடைவழி. அது போதுமா என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு அறிய முடியாது. செய்தித்தாள்களை அதே அளவுக்குத் தரையில் ஒட்டி வைத்து, இரண்டு இரவுகள் விளக்கை அணைத்துவிட்டு அவற்றை மிதிக்காமல் குளியலறைக்குப் போய் வந்து பாருங்கள்; பீரோக் கதவு முழுவதும் திறக்கிறதா என்றும் பாருங்கள். பகலில் மடித்து வைத்து இரவில் விரித்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பித் திட்டமிட வேண்டாம். தூக்கம் கெட்ட வீட்டில் இரண்டாம் வாரமே அந்தப் பழக்கம் நின்றுவிடும். ஒரே இடத்தில் நிலையாக நிற்க இடமிருந்தால் மட்டுமே வாங்குங்கள். திரைச்சீலைக் கயிறும் மின்கம்பியும் குழந்தையின் கைக்கு எட்டாத இடமாக அது இருக்கட்டும்.

கூடத்தில் இடம் தாராளமாக இருந்தாலும் இரவில் படுக்கையறையிலேயே வையுங்கள். குழந்தை குறைந்தது ஆறு மாதங்களுக்குப் பெற்றோரின் அறையில், ஆனால் தனிப் படுக்கையில், மல்லாந்த நிலையில் உறங்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். பிளேயார்டோடு வரும் மெத்தை மெல்லியதாகவும் கெட்டியாகவும் இருப்பதைப் பார்த்து, பாட்டிமார் மனம் பொறுக்காமல் அதன் மேல் இலவம்பஞ்சு மெத்தையையும் கடுகுத் தலையணையையும் வைக்க வருவார்கள். இரண்டுமே வேண்டாம். கூடுதல் மெத்தைக்கும் வலைச்சுவருக்கும் இடையிலான இடுக்கில் குழந்தையின் முகம் புதைந்தால் மூச்சடைக்கும்; மென்மையான மெத்தை தரும் ஆபத்தும் அதுவே. தலை உருண்டையாக வர வேண்டும் என்ற கவலைக்கு, விழித்திருக்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்திலிருந்து குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்துப் பழக்குவதே நல்ல வழி. பழைய வேட்டியை விரிப்பாகப் போடுவதானால், அதை மெத்தைக்கு அடியில் இறுக மடித்துச் செருகி, எந்த மூலையும் தளர்ந்து எழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பிள்ளைகள் மூவரும் தூளியில் வளர்ந்தவர்கள். இப்போது என் மகள், பேரனுக்குத் தூளி வேண்டாம், மடக்குத் தொட்டில்தான் வேண்டும் என்கிறாள். எங்கள் வீடும் சின்ன வீடுதான்; தூளி என்றால் உத்தரத்து வளையம் ஒன்று போதும். தூளி அவ்வளவு தவறா?
— வாசகி, மதுரை

பதில்: அம்மா, இடத்தை மிச்சப்படுத்துவதில் தூளிக்கு நிகரான ஒன்று இல்லை, அழும் குழந்தையை அமர்த்துவதிலும் அப்படியே. கவலையெல்லாம், குழந்தை தூங்கிய பிறகும் அதை அதிலேயே விட்டுவிடுவதில்தான். தூளியில் முதுகு வளைந்து, கழுத்து நிற்காத சிசுவின் மோவாய் நெஞ்சில் படிந்தால் மூச்சுக்குழாய் குறுகும். அழக்கூட அதற்கு இயலாது. சாய்ந்த படுக்கைகளால் நேர்ந்த மரணங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் 2019-இல் ஒரே வகைச் சாய்வுத் தொட்டில் 47 லட்சம் எண்ணிக்கையில் திரும்பப் பெறப்பட்டதும், 2022 முதல் குழந்தை உறங்கும் பரப்பு 10 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது என்று அங்கே விதி வந்ததும் இதே காரணத்தால்தான். பேரனை நீங்கள் பக்கத்தில் இருந்து தாலாட்டி, அவன் கண் அயர்ந்ததும் மகள் வாங்கும் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் பாட்டும் இருக்கும், அவள் கவலையும் தீரும். தூளியை வேலை முடிந்ததும் அவிழ்த்து வைத்துவிடுங்கள். பெரிய பிள்ளைகள் அதை முறுக்கி ஆடும்போது துணி கழுத்தை இறுக்கி உயிரிழந்த துயரங்கள் நம் ஊர்களில் நடந்திருக்கின்றன.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் தம் குழந்தை பயன்படுத்திய பிளேயார்டைத் தருகிறார். வாங்கிக்கொள்ளலாமா?
— வாசகர், கோவை

பதில்: பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். நான்கு மேல்விளிம்புகளும் நேராக நின்று பூட்டிக்கொள்கின்றனவா என்பதுதான் முதல் சோதனை. 1998-இல் சிகாகோவில், ஏற்கெனவே திரும்பப் பெறப்பட்டிருந்த மடக்குத் தொட்டில் ஒன்றின் விளிம்பு மடிந்து ‘வி’ வடிவில் குழந்தையின் கழுத்தை நெரித்துவிட்டது. அக்குழந்தையின் பெயராலேயே அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு அமைந்து, பொருளைத் திரும்பப் பெற நேர்ந்தால் தகவல் தருவதற்காக, வாங்குபவரின் முகவரியைப் பதிவு செய்யும் அட்டையை இத்தகைய பொருள்களோடு தருவது அங்கே கட்டாயமாயிற்று. எனவே அடியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது திரும்பப் பெறப்பட்டதா என்று இணையத்தில் தேடுங்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 406 அல்லது ஐரோப்பாவின் ஈ.என். 716 என்ற தரக்குறி இருந்தால் நல்லது. வலை கிழிந்திருந்தாலோ, அசல் மெத்தை தொலைந்துபோய் வேறு மெத்தை வந்திருந்தாலோ, வேறு மாடலின் பாசினெட்டை மாட்டியிருந்தாலோ நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விரிக்கும்போது நான்கு விளிம்புகளையும் முதலில் பூட்டிவிட்டு, அதன் பிறகே நடுத்தளத்தைக் கீழே அழுத்துங்கள். நடுவை முதலில் அழுத்தினால் பல மாடல்களில் விளிம்புகள் பூட்டிக்கொள்வதே இல்லை.