வேதியியல் படித்துவிட்டு ஜீனைத் தொடலாமா?

கேள்வி: மகள் காரைக்குடியில் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறாள். மரபணு வெளிப்பாட்டில் ஆராய்ச்சி செய்து பேராசிரியராக வேண்டும் என்கிறாள். உயிரியல் படிக்காமல் முடியுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: தாராளமாக. மரபணு வெளிப்பாட்டின் முதல் படி, டிஎன்ஏ-விலிருந்து ஆர்என்ஏ படியெடுக்கப்படுவது. அந்த விதத்தை விளக்கிய ரோஜர் கோர்ன்பெர்க் 2006-இல் பெற்றது வேதியியல் நோபல்தான்.

முதலில் சிஎஸ்ஐஆர்-நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் வேதியியல் தாளையே எழுதட்டும். அதில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000, வீட்டு வாடகைப்படி தனி. வழிகாட்டியைப் பார்த்துச் சேரட்டும், கட்டடத்தைப் பார்த்து அல்ல.

கஷ்டம் ஆய்வு மேசையில்தான். ஆர்என்ஏ பிரித்தெடுக்கும்போது கையுறையோடு செல்போனைத் தொட்டுவிட்டு அதே கையால் சோதனைக் குழாயைத் தொட்டால் போதும், முன்பு விரலிலிருந்து போனில் ஒட்டிய ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏ-வைச் சிதைக்கும் நொதி) மாதிரியைத் தின்றுவிடும். ஆர்என்ஏ-வின் தூய்மையைக் காட்டும் 260/280 அளவு (260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் விகிதம்) 2.0-ஐ ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் பிரித்தெடுக்கப் பயன்படுத்திய ஃபீனாலோ புரதமோ தங்கியிருக்கலாம். அடுத்து, ஆர்என்ஏ-வை டிஎன்ஏ-வாக மாற்றிப் பெருக்கி அளக்கும் கியூபிசிஆர் சோதனை. அதில் சிடி மதிப்பு (சமிக்ஞை தெரிய ஆகும் பெருக்கச் சுற்றுகளின் எண்ணிக்கை) 3 குறைந்தால் ஏறத்தாழ 8 மடங்கு அதிக வெளிப்பாடு. ஆனால் மாதிரியில் செல்லின் டிஎன்ஏ கலந்திருந்தாலும் எண் அழகாகவே வரும்! டிஎன்ஏ-வை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதியைப் போட்டு, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏ-வை டிஎன்ஏ-வாக மாற்றும் நொதி) சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே ஓட்டிப் பார்க்க வேண்டும்; அதிலும் எண் வந்தால் டிஎன்ஏ கலந்திருக்கிறது என்று பொருள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, நேரடி நியமனத்தில் இணைப்பேராசிரியராக 8 ஆண்டு அனுபவமும் 7 கட்டுரைகளும், பேராசிரியராக 10 ஆண்டும் 10 கட்டுரைகளும் தேவை. பிஎச்.டி. இரண்டுக்கும் கட்டாயம். கல்யாணப் பேச்சை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.